வேலையை விடுவதா என்பது இரண்டாவது கேள்வி

கடிதத்தின் சுருக்கம்

பொதுத்துறை வங்கி ஒன்றில் 11 ஆண்டுகள் கிளார்க்காக இருந்து, தேர்வெழுதி அதிகாரியானவர் இந்த வாசகி. வயது 38. பதவி உயர்வோடு மாற்றலும் வந்தது. இரண்டு ஆண்டுகளாக டெல்டாப் பகுதியில் ஒரு சிற்றூர்க் கிளையில் வேலை. நான்காம் வகுப்பு படிக்கும் மகளோடு வாடகை வீட்டில் இருக்கிறார், கணவர் திருப்பூரில். கிளையில் ஆள் போதவில்லை. நகைக் கடன், புதுக் கணக்கு எல்லாவற்றுக்கும் மேலாக, காப்பீட்டு பாலிசி விற்கும் டார்கெட். மாலை 7 மணிக்கு நடக்கும் காணொளிக் கூட்டத்தில், டார்கெட்டை எட்டாத கிளைகளின் பெயரை உரக்கப் படிக்கிறார்கள்.

"ஞாயிறு மதியச் சாப்பாடு முடிந்ததுமே வயிற்றைப் பிசையத் தொடங்கிவிடுகிறது" என்று எழுதுகிறார். கூட்டத்தின் நடுவே இரண்டு முறை நெஞ்சு படபடத்து, விரல் மரத்து, மூச்சு முட்டியிருக்கிறது. இதய மருத்துவர் இசிஜி, எக்கோ எடுத்துப் பார்த்துவிட்டு, "ஒன்றுமில்லை, டென்ஷன்தான்" என்று அனுப்பிவிட்டார். பெட்டகத்தைப் பூட்டினோமா என்று பாதி வழியிலிருந்து திரும்பி வந்து பார்ப்பது வழக்கமாகிவிட்டது. நான்கு மாதங்களாக, அம்மாவுக்கு எழுதிக் கொடுத்திருந்த அல்பிராசோலாம் 0.5 மில்லிகிராம் மாத்திரையில் இரவு ஒன்று போட்டுக்கொண்டுதான் தூங்குகிறார்.

இன்னொன்றும் உண்டு. நெல் விற்ற பணத்தை வைப்புநிதியில் போட வந்த ஒரு முதியவருக்கு, ஆண்டுதோறும் பிரீமியம் கட்ட வேண்டிய பாலிசி ஒன்றைக் கொடுத்திருக்கிறார். "இதுவும் டெபாசிட் மாதிரிதான் ஐயா என்று நான்தான் சொன்னேன். அவர் முகம் கண்ணைவிட்டுப் போகவில்லை."

கேட்டிருப்பவை இவை: வேலையை விட்டுவிடட்டுமா? மனநல மருத்துவரிடம் போனால் அலுவலகத்துக்குத் தெரிந்து பெயர் கெட்டுவிடுமா? அந்த மாத்திரைகளுக்கு அடிமையாகிவிடுவேனா? "சாமி கும்பிடு, சரியாகும், பேங்க் வேலையை யாராவது விடுவார்களா?" என்கிறாரே கணவர், அது சரியா? கடிதத்தை முடித்துக் கையெழுத்தும் போட்ட பிறகு, அடியில் ஒரு வரி சேர்த்திருக்கிறார்: "வண்டியில் ஆற்றுப் பாலத்தைக் கடக்கும்போது, சின்னதாக ஒரு விபத்து நடந்தால் ஒரு மாதம் படுத்திருக்கலாமே என்று தோன்றுகிறது. இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம்."

பதில்

அன்புள்ள வாசகிக்கு,

பெரிதாகத்தான் எடுத்துக்கொள்கிறேன். என்னிடம் வருகிறவர்களில் பலர் அரை மணி நேரம் தலைவலியைப் பற்றிப் பேசிவிட்டு, எழுந்து கதவுப்பிடியில் கைவைத்த பிறகுதான் வந்த காரணத்தைச் சொல்வார்கள். கையெழுத்துக்குக் கீழே வந்த உங்கள் வரியும் அப்படித்தான். லீவு கேட்டால் கிடைக்காது, கேட்கவும் கூச்சம், கை கால் உடைந்தால் யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள் என்ற கணக்கு அதில் இருக்கிறது. இப்படி நினைப்பவர்கள் நிறையப் பேர்; அதனால் உங்களுக்குப் பைத்தியம் என்று ஆகிவிடாது. ஆனால் "படுத்திருக்கலாமே" என்பது என்றாவது "இல்லாமலே போய்விடலாமே" என்று மாறினால், அல்லது இப்போதே மாறியிருந்து அதை எழுத உங்களுக்குக் கை வரவில்லை என்றால், இந்தப் பதிலை மேலே படிக்க வேண்டாம். இன்றே கணவரிடமோ நம்பிக்கையான வேறொருவரிடமோ அதே சொற்களில் சொல்லுங்கள். 14416 என்ற எண்ணை அழையுங்கள். அரசின் டெலி மனஸ் என்ற மனநல உதவித் தொலைபேசிச் சேவை அது. 2022 அக்டோபரில் தொடங்கியது. இரவிலும் எடுப்பார்கள், தமிழில் பேசுவார்கள், கட்டணம் கிடையாது. சென்னையில் 1986 முதல் இயங்கிவரும் சிநேகா என்ற தற்கொலைத் தடுப்பு அமைப்பை 044-24640050 என்ற எண்ணில் அழைக்கலாம். இல்லையென்றால் பக்கத்து அரசு மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போங்கள்.

இனி மற்றவை. உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். ஒரே சிக்கல் என்று நினைத்து எழுதியிருக்கிறீர்கள். எனக்கு மூன்று தெரிகிறது. ஒன்று நோய். இன்னொன்று அநியாயமான வேலைச் சூழல். மூன்றாவது, அந்தப் பெரியவர். மூன்றையும் ஒரே மூட்டையாகக் கட்டி, "ராஜினாமா செய்துவிட்டால் மூட்டையை இறக்கிவைத்துவிடலாமா?" என்கிறீர்கள். ராஜினாமா செய்த மறுநாளும் தூக்கம் வராமல் போகலாம், பெரியவரின் முகமும் வரலாம். சம்பளம் மட்டும் வராது.

"ஒன்றுமில்லை" என்ற சொல்

இதய மருத்துவர் தம் வேலையைச் சரியாகச் செய்திருக்கிறார். ஒரே ஒரு சொல்லைத்தான் விட்டுவிட்டார். "இதயத்தில் ஒன்றுமில்லை" என்று சொல்லியிருக்க வேண்டும். உங்களுக்கு வந்தது பீதித் தாக்குதல் போலத் தெரிகிறது. புலி எதிரே வந்தால் உடம்பு எப்படி ஓடத் தயாராகுமோ, அப்படி உங்கள் உடம்பு ஒரு கணினித் திரைக்கு முன்னால் தயாராகிறது. அட்ரினலின் பாய்கிறது, மூச்சு வேகமாகிறது. அளவுக்கு மீறி மூச்சு விடும்போது ரத்தத்தில் கரியமில வாயு குறைகிறது. விரல் நுனி மரத்துப்போவது அதனால்தான். பெரும்பாலும் பத்து நிமிடத்துக்குள் உச்சத்துக்குப் போய் இறங்கிவிடும். அந்தப் பத்து நிமிடமும் செத்துவிடுவோம் என்றே தோன்றும். கற்பனை இல்லை, உடம்பில் உண்மையாகவே நடக்கிறது.

"எனக்கு பர்ன் அவுட் ஆகிவிட்டதாக இணையத்தில் படித்துத் தெரிந்துகொண்டேன்" என்கிறீர்கள். உலக சுகாதார நிறுவனம் தன் நோய்ப் பட்டியலின் 11ஆம் பதிப்பில் அதைச் சேர்த்திருப்பது உண்மை. ஆனால் நோயாகச் சேர்க்கவில்லை. வேலை சார்ந்து எழும் ஒரு நிலை என்றுதான் சொல்கிறது. சக்தி வற்றிப்போவது, வேலைமீது வெறுப்போ ஒட்டாத்தன்மையோ வருவது, தன் திறமைமேல் நம்பிக்கை குறைவது ஆகிய மூன்றும் அதன் அடையாளங்கள். உங்களிடம் அவை இருக்கின்றன. அதற்கு மேலும் இருக்கின்றன. நான்கு மாதத் தூக்கமின்மை, பீதித் தாக்குதல், பூட்டைத் திரும்பத் திரும்பச் சோதிப்பது எல்லாம் சேர்ந்தால், பதற்ற நோயோ அதோடு மனச்சோர்வோ இருக்கிறதா என்று நேரில்தான் பார்க்க வேண்டும். கடிதத்தை வைத்து நான் பெயர் சூட்டினால் அது ஜோசியம். தைராய்டு, ஹீமோகுளோபின் இரண்டையும் பார்த்துவிடுங்கள். தைராய்டு கூடினாலும் ரத்தசோகை இருந்தாலும் இதே படபடப்பு வரும்.

யாரிடம் போவது?

மனநல மருத்துவர் என்பவர் மருத்துவம் படித்து, மனநோய்த் துறையில் மேற்படிப்பு முடித்தவர். மருந்து எழுத உரிமை உள்ளவர். மருத்துவ உளவியலாளர் பேச்சு வழிச் சிகிச்சைக்குப் பயிற்சி பெற்று, இந்திய மறுவாழ்வு மன்றத்தில் பதிவு செய்திருப்பவர். மருந்து எழுத மாட்டார். கவுன்சலர் என்ற பலகையை மட்டும் யார் வேண்டுமானாலும் மாட்டிக்கொள்ளும் நிலைதான் நம் ஊர்களில் இருக்கிறது. நல்ல பயிற்சி பெற்றவர்களும் உண்டு, சில வாரச் சான்றிதழோடு உட்கார்ந்திருப்பவர்களும் உண்டு. என்ன படித்தீர்கள், எங்கே பதிவு என்று கேட்பதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை. கேட்டதற்குக் கோபப்படுகிறவரிடம் போக வேண்டாம்.

முதலில் மனநல மருத்துவரைப் பாருங்கள் என்பேன். ஏற்கெனவே மாத்திரை போட்டுக்கொண்டிருக்கிறீர்கள் என்பதுதான் காரணம். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் மாவட்டத் தலைமை மருத்துவமனைகளிலும் மனநலப் புறநோயாளர் பிரிவு உண்டு, செலவு இல்லை. மாவட்ட மனநலத் திட்டக் குழு குறிப்பிட்ட நாட்களில் வட்ட மருத்துவமனைகளுக்கும் வருகிறது. சிற்றூரில் யாராவது பார்த்துவிடுவார்கள் என்ற கூச்சம் இருந்தால் பக்கத்து மாவட்டத்துக்குப் போங்கள். அதில் தவறில்லை.

அதன் பிறகு பேச்சு வழிச் சிகிச்சை. "அங்கே என்ன, புத்திதானே சொல்வார்கள்?" என்று கேட்டிருக்கிறீர்கள். புத்தி சொல்ல உங்கள் வீட்டிலேயே ஆள் இருக்கிறார். சிகிச்சை வேறு மாதிரி. பூட்டு விஷயத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்த்ததும் நிம்மதி வருகிறது அல்லவா? அந்த நிம்மதிதான் மறுநாளும் உங்களைத் திரும்ப வரவைக்கிறது. ஒருமுறை பூட்டி, பதிவேட்டில் கையெழுத்திட்டு, திரும்பிப் பார்க்காமல் வீட்டுக்குப் போய், வரும் பதற்றத்தைத் தணிக்காமல் உட்கார்ந்திருக்க உளவியலாளர் பழக்குவார். முதல் வாரம் கொடுமையாக இருக்கும். பிறகு பதற்றம் தானே வடியும் என்று உடம்பே கற்றுக்கொள்ளும். வாரம் ஒன்றாகப் பத்துப் பன்னிரண்டு அமர்வுகளில் கணிசமான மாற்றம் வருவதைப் பார்த்திருக்கிறேன்.

ஒரு எச்சரிக்கை. "எல்லாம் உங்கள் பார்வையில்தான் இருக்கிறது, நேர்மறையாக யோசியுங்கள்" என்று முதல் நாளே ஒருவர் சொன்னால் இடத்தை மாற்றுங்கள். கூட்டத்தில் பெயரைப் படித்து அவமானப்படுத்துவது உங்கள் பார்வையில் இல்லை, அந்தக் கூட்டத்தில் இருக்கிறது.

மாத்திரை பயம்

இங்கேதான் உங்களைக் கொஞ்சம் கடிந்துகொள்ள வேண்டியிருக்கிறது. மனநல மருத்துவர் தரும் மாத்திரைக்கு அடிமையாகிவிடுவேனோ என்று பயந்து, அவரிடம் போகாமல் இருக்கிறீர்கள். ஆனால் பழக்கப்படுத்தும் மாத்திரைகளில் முன்வரிசையில் இருப்பதைத்தான் நான்கு மாதங்களாக நீங்களே போட்டுக்கொள்கிறீர்கள். அல்பிராசோலாமை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று விதி இருப்பது அதனால்தான். அம்மாவுக்கு எழுதிய சீட்டு உங்களுக்கு ஆகாது.

இதைப் படித்துவிட்டு இன்றிரவே நிறுத்திவிடாதீர்கள். நான்கு மாதம் பழகிய உடம்பில் திடீரென்று நிறுத்தினால் தூக்கம் அடியோடு போகும், நடுக்கம் வரும், அரிதாக வலிப்பும் வரலாம். மருத்துவர் அட்டவணை போட்டுப் படிப்படியாகக் குறைப்பார். அதுவரை அளவைக் கூட்ட வேண்டாம். காலையில் மந்தமாக இருந்தால் வண்டி எடுக்க வேண்டாம்.

பதற்றத்துக்கும் மனச்சோர்வுக்கும் இன்று முதலில் எழுதப்படும் மருந்துகள் வேறு வகை. அவை ஏக்கத்தை உண்டாக்குவதில்லை, அளவைக் கூட்டிக்கொண்டே போகச் சொல்வதுமில்லை. பலன் தெரிய இரண்டு முதல் ஆறு வாரம் ஆகும். முதல் சில நாட்கள் குமட்டலோ கூடுதல் படபடப்போ வரலாம். அதைக் கண்டு பாதியில் விட்டுவிடுகிறவர்கள் நிறைய. குணம் தெரிந்த பிறகும் சில மாதங்கள் தொடர்ந்து, மருத்துவர் சொல்லிய பிறகே குறைக்க வேண்டும். உங்களுக்கு மருந்து தேவையா என்பதையே பார்த்த பிறகுதான் சொல்ல முடியும்.

அலுவலகத்துக்குத் தெரியுமா?

2017ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம் 2018 மே மாதம் நடைமுறைக்கு வந்தது. அதன் 23ஆவது பிரிவு உங்கள் மனநலம், சிகிச்சை பற்றிய தகவல்களை ரகசியமாக வைத்திருக்கும் உரிமையை உங்களுக்குத் தருகிறது. உயிருக்கு ஆபத்து, நீதிமன்ற உத்தரவு போன்ற சில விலக்குகள் உண்டு. மேலதிகாரியின் ஆர்வம் அவற்றில் ஒன்றல்ல. மனநல மருத்துவரைப் பார்த்தவர்களின் பட்டியலை அலுவலகங்களுக்கு அனுப்பும் ஏற்பாடு எதுவும் கிடையாது. முன்பு சிகிச்சை பெற்றார் என்பதை மட்டும் வைத்து ஒருவரை மனநோயாளி என்று தீர்மானிக்கக் கூடாது என்பதும் அதே சட்டத்தில் இருக்கிறது.

ஆனால் சட்டம் வேறு, கிளை வேறு என்று உங்களுக்கே தெரியும். தகவல் கசிவது பெரும்பாலும் மருத்துவர் வழியாக இல்லை, பில் வழியாக. மருத்துவச் செலவைத் திரும்பப் பெற மருந்துச் சீட்டை இணைத்தால், அது இரண்டு மூன்று மேசைகளைக் கடக்கும். கூச்சம் தெளியும்வரை அந்தச் செலவைக் கைக்காசில் பார்த்துக்கொள்ளுங்கள், அல்லது அரசு மருத்துவமனைக்குப் போங்கள். விடுப்புச் சான்றிதழில் தேவைக்கு மேல் விவரம் எழுத வேண்டாம் என்று மருத்துவரிடமே கேட்கலாம். நீண்ட விடுப்பென்றால் வங்கி தன் மருத்துவரிடம் அனுப்பக்கூடும். அந்தச் சாத்தியத்தை மறைத்து ஆறுதல் சொல்ல எனக்கு விருப்பமில்லை. வங்கியே ஏற்பாடு செய்த ஆலோசனை மையம் இருந்தால், பேசத் தொடங்கும் முன், "நான் பேசுவதில் எது நிர்வாகத்துக்குப் போகும்?" என்று கேட்டுவிடுங்கள்.

அந்தப் பெரியவர்

இதற்கு என்னிடம் மாத்திரை இல்லை. இருந்தாலும் தர மாட்டேன். செய்தது தவறு என்று உள்ளே ஒன்று சொல்கிறது, அது சரியாகத்தான் சொல்கிறது. அதை நோய்க் கணக்கில் எழுதித் தூங்கவைத்தால், அடுத்த பெரியவருக்கும் அதே பாலிசி போகும்.

விற்ற தேதியை நீங்கள் எழுதவில்லை. அதுதான் முக்கியம். ஆயுள் காப்பீட்டு பாலிசியில், பத்திரம் கைக்குக் கிடைத்த நாளிலிருந்து 30 நாளுக்குள் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தால், சிறு பிடித்தங்கள் போகப் பணத்தைத் திருப்பித் தந்தாக வேண்டும். அந்த நாட்கள் மிச்சமிருந்தால், இந்த வாரமே அவரை வரவழைத்து இது டெபாசிட் இல்லை, ஆண்டுதோறும் கட்ட வேண்டியது என்று விளக்கி, வேண்டாமென்றால் மனு எழுத உதவுங்கள். வாடிக்கையாளருக்கு அவருடைய உரிமையைச் சொல்வது உங்கள் வேலைதான். காலம் கடந்திருந்தால் காப்பீட்டு நிறுவனத்தின் குறைதீர்ப்புப் பிரிவு, அதற்கு மேல் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளர் என்று வழி இருக்கிறது. ஆனால் "நான் தவறாகச் சொல்லி விற்றேன்" என்று எந்தத் தாளிலும் எழுதித் தரும் முன், தொழிற்சங்கத்தில் விவரம் தெரிந்தவரிடமோ வழக்கறிஞரிடமோ பேசுங்கள். அது உங்கள்மீதே ஒழுங்கு நடவடிக்கையில் போய் முடியலாம். மன உளைச்சலில் இருப்பவர்கள் இப்படி எழுதிக் கொடுத்துவிட்டு வந்து நிற்பதைப் பார்த்திருக்கிறேன்.

வேலையை என்ன செய்வது?

தூக்கமில்லாத நான்காவது மாதத்தில் ராஜினாமாக் கடிதம் எழுதக் கூடாது. முதலில் நோய் விடுப்பு. இரண்டு வாரமோ மூன்று வாரமோ மருத்துவர் சொல்லட்டும். விடுப்பில் திருப்பூர் போங்கள், கூட்டம் நடக்கும் கைபேசிக் குழுவை ஒலியடக்கிவையுங்கள்.

அதன் பிறகு மாற்றல். திருமணமான பெண் ஊழியர் கேட்டால், கணவர் பணிபுரியும் ஊரிலோ அதற்கு அருகிலோ கூடியவரை இடம் தர வேண்டும் என்று 2014இல் நிதி அமைச்சகம் பொதுத்துறை வங்கிகளுக்கு எழுதியிருக்கிறது. "கூடியவரை" என்ற சொல்லுக்குள் எத்தனை பேரின் மனு உறங்குகிறது என்பதும் தெரியும். இருந்தாலும் எழுத்தில் கொடுங்கள், நகலில் முத்திரை வாங்குங்கள். கூட்டத்தில் என்ன சொன்னார்கள் என்பதைத் தேதி, நேரத்தோடு ஒரு நோட்டில் குறித்துவையுங்கள். சங்கத்திடம் போகும்போது கண்ணீரைவிட அந்த நோட்டு உதவும்.

பழைய கிளார்க் பதவிக்கே திரும்புவதைப் பற்றி, "அது தோற்றுப்போவது மாதிரி" என்று பாதி வரியில் நிறுத்தியிருக்கிறீர்கள். ரிவர்ஷன் கிடைக்குமா என்பது உங்கள் வங்கியின் விதியைப் பொறுத்தது, கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். ஆனால் அந்த 11 ஆண்டுகளைப் பற்றி எழுதும்போது மட்டும்தான் உங்கள் கடிதத்தில் ஒரு சிரிப்பு வருகிறது. கேஷ் கவுண்டரில் ஒரு ரூபாய் குறையாமல் கணக்கை முடித்த நாட்களை நான்கு வரிக்கு விவரித்திருக்கிறீர்கள். அதிகாரி வேலையைப் பற்றி ஒரு நல்ல வரிகூட இல்லை. தூக்கம் திரும்பிய பிறகு இதைத் திரும்பப் படித்துப் பாருங்கள். அப்போதும் இப்படியே தோன்றினால் அது நோய் எடுக்கும் முடிவாக இருக்காது. வேலையையே விடுவதும் அப்போது எடுக்கக்கூடிய முடிவுதான், ஆறு மாதச் செலவுக்குக் கையில் இருந்தால்.

கணவர் சாமி கும்பிடச் சொன்னதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. நீங்கள் இருக்கும் பகுதியில் சாமிக்கே வைத்தியநாதர் என்றுதான் பெயர். கும்பிட்டுவிட்டு வைத்தியரையும் பாருங்கள், முதல் சந்திப்புக்குக் கணவரையும் அழைத்துப் போங்கள். அவருக்கு நீங்கள் சொல்லியிருப்பது "வேலை பிடிக்கவில்லை" என்பது மட்டும்தான் என்று ஊகிக்கிறேன். பாலத்தைப் பற்றிச் சொல்லவில்லை, இல்லையா?

மருத்துவர் முன்னால் உட்கார்ந்ததும் எங்கிருந்து தொடங்குவது என்று திணறுவீர்கள். எனக்கு எழுதிய இதே கடிதத்தைப் பிரதி எடுத்துக்கொண்டு போய், படிக்கக் கொடுங்கள். கடைசி வரியை அடிக்காமல். அம்மாவின் மாத்திரை அட்டையும் கையில் இருக்கட்டும்.